‘ஒரு நாள்தானே மச்சி’: கல்லூரியில் குடியும் கூட்டாளிகளும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரி விடுதி ஒன்றில் சில ஆண்டுகள் துணை வார்டனாக இருந்தேன். இப்போது முதலாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடக்கும் அறிமுகக் கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். மைக் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, கூட்டம் கலைந்ததும் ஓரமாக வந்து கேட்கப்படும் கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கல்லீரல் படம் போட்டுப் பயமுறுத்தும் வேலை இதில் இல்லை. யாரோடு, யார் காசில், எந்த இடத்தில் என்பதைத்தான் அதிகம் பேசப் போகிறேன். படிக்கிற பையன் பாட்டிலைத் தேடிப் போவது அபூர்வம். அவன் ஆட்களைத் தேடிப் போகிறான், பாட்டில் அங்கே ஏற்கெனவே திறந்திருக்கிறது.

1. காலேஜ்னு வந்துட்டா எல்லாரும் குடிக்கத்தானே சார் செய்றாங்க?

இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் மறைத்தவர்கள் இருப்பார்கள், சரி. அதையும் சேர்த்துப் பார்த்தாலும் ‘எல்லாரும்’ என்ற கணக்கு வராது.

பிறகு ஏன் அப்படித் தோன்றுகிறது? குடிப்பவன் கண்ணில் படுகிறான். சனிக்கிழமை ராத்திரி சத்தம் போட்டுக்கொண்டு மாடியேறும் நாலைந்து பேரை மொத்த விடுதியும் பார்க்கிறது. அதே நேரத்தில் அறைக்குள் படம் பார்த்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருக்கும் நூறு பேரை யாரும் பார்ப்பதில்லை. மறுநாள் மெஸ்ஸில் ஓடுவதும் அந்த நாலைந்து பேரின் கதைதான். அமெரிக்காவில் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கல்லூரியில் இதை அளந்து 1986இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான மாணவர்கள் குடி விஷயத்தில் மிதமான கருத்து கொண்டிருந்தார்கள். ஆனால், மற்றவர்கள் தங்களைவிட எவ்வளவோ தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தப்புக் கணக்கு சும்மா இருப்பதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் செய்து 1993இல் வெளியான ஆய்வில், மற்றவர்களுக்கு இது பிடித்திருக்கிறது என்று நினைத்த ஆண் மாணவர்கள், பருவத்தின் முடிவுக்குள் தங்கள் கருத்தையே அந்தக் கற்பனைப் பெரும்பான்மையை நோக்கி நகர்த்திக்கொண்டார்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

2. என்னை யாரும் கட்டாயப்படுத்தலையே. நானாத்தான் குடிச்சேன். இதுல சேர்க்கை எங்க வந்துச்சு?

வாயைத் திறந்து ஊற்றினால்தான் தூண்டுதல் என்று இல்லை. மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று நேரடி: ‘ஒரு ரவுண்டு மட்டும்டா’. இரண்டாவது, பக்கத்தில் இருப்பவனின் வேகம். மூன்றாவது, போன பதிலில் சொன்ன ‘எல்லாரும் இப்படித்தான்’ என்ற நினைப்பு. இதில் முதலாவதைத்தான் நாம் கவனிக்கிறோம். மற்ற இரண்டும் நடக்கும்போது ‘நானாகத்தான் குடித்தேன்’ என்றே தோன்றும்.

இரண்டாவது வழிக்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1975இல் கௌடில், மார்லாட் என்ற உளவியலாளர்கள் கல்லூரி இளைஞர்களைக் கூப்பிட்டு, ஒயினின் ருசிக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆய்வாளர்களின் ஆள். அவர் நிறையக் குடித்தால் மாணவரும் நிறையக் குடித்தார், அவர் கொஞ்சமாகக் குடித்தால் இவரும் கொஞ்சம்தான். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. அடுத்த முறை உட்காரும்போது யார் கிளாஸ் முதலில் காலியாகிறது, அதற்குப் பிறகு உங்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

3. ஒரு குவார்ட்டர்தான் அடிச்சேன். இதெல்லாம் ஒரு அளவா?

கணக்குப் போடுவோம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பெருக்கினால் சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராம் சொச்சம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் ‘அளவு மீறிய குடி’ என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது. கட்டிங் அதில் பாதி. 650 மில்லி பீர், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால், 40 கிராம் வரும். ஆகவே ‘பீர் எல்லாம் சரக்கே இல்ல’ என்ற பேச்சும் எடுபடாது.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ராத்திரி 11 மணிக்குக் குவார்ட்டரை முடித்தவனுக்குக் காலை 6 மணிக்கும் மிச்சம் இருக்கலாம். லெமன், மோர், கருப்புக் காபி, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காலையில் மாடல் எக்ஸாமுக்கு பைக் எடுக்கிறவர்கள் இதை மனதில் வைக்கவும்.

4. எங்க வீட்ல இருந்தவரைக்கும் தொடாத பையன். ஹாஸ்டல் போய் ஒரே செமஸ்டர்ல எப்படி மாறினான்?

அம்மாக்கள் கேட்பது. கேட்கும்போதே குரல் உடைந்துவிடும்.

விடுதியில் முதல் சில மாதங்கள் பையனுக்கு யாரும் இல்லை. பள்ளித் தோழர்கள் வேறு ஊரில், பேச்சு வழக்கு வேறு, ஆங்கிலம் வரவில்லை என்ற கூச்சம் வேறு. அந்த நேரத்தில் ‘வாடா மாப்ள’ என்று கூப்பிடும் முதல் கூட்டம் எதுவோ அதில் ஒட்டிக்கொள்வான். அந்தக் கூட்டம் வாலிபால் ஆடும் கூட்டமாகவும் இருக்கலாம், வியாழக்கிழமையே வார இறுதிக்குப் பணம் சேர்க்கும் கூட்டமாகவும் இருக்கலாம். பல நேரம் இதைத் தீர்மானிப்பது எந்த அறை ஒதுக்கினார்கள் என்பதுதான். மைக்கேல் கிரெமர், டேன் லெவி என்ற பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் குலுக்கல் முறையில் அறை கிடைத்த மாணவர்களைப் பார்த்தார்கள். கல்லூரிக்கு வருமுன்பே குடித்துக்கொண்டிருந்த அறைத்தோழன் அமைந்த பையன்களின் மதிப்பெண் சராசரி, 4 புள்ளி அளவுகோலில், மற்றவர்களைவிடக் கால் புள்ளி குறைவாக இருந்தது. ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்த பையனுக்கு அப்படி ஒரு அறைத்தோழன் கிடைத்தபோது விழுந்த அடி இன்னும் பெரியது.

கல்லூரிக்கென்று ஒரு நாள்காட்டியும் இருக்கிறது. ஃப்ரெஷர்ஸ் டே, பர்த்டே ட்ரீட், கல்ச்சுரல்ஸ், ஐ.வி. (தொழிற்சாலையைப் பார்க்கப் போகும் சுற்றுலா), செமஸ்டர் கடைசிப் பரீட்சை மாலை, பிளேஸ்மென்ட் ட்ரீட், ஃபேர்வெல். பையன்கள் முதன்முதலில் குடித்த கதையைக் கேட்டால் இவற்றில் ஒன்றுதான் வரும். ‘இன்னிக்கு ஒரு நாள்தானே’ என்று சொல்ல வசதியான நாட்கள் இவை. ஐ.வி. என்ற பெயரில் போகும் டூர் பஸ்ஸைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம், வேண்டாம்.

5. சீனியர் அண்ணன்கள் ‘சும்மா வந்து கம்பெனி குடுடா’ன்னு கூப்பிடறாங்க. போகலன்னா ஒதுக்கிடுவாங்களோ?

கூப்பிட்டதற்கு ‘இல்லண்ணா, எனக்குப் பழக்கமில்ல’ என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அடுத்த வாரமும் நோட்ஸ் தருவார்கள், அரியர் விழாமல் எந்த சாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லித் தருவார்கள். ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் நிஜத்தைவிடப் பெரியது. 1ஆம் கேள்வியில் சொன்ன தப்புக் கணக்கின் தம்பி இது.

குடிக்கச் சொல்லி மிரட்டினாலோ, போய்ச் சரக்கு வாங்கி வரச் சொன்னாலோ, குடிக்காததற்காக அவமானப்படுத்தினாலோ கதை வேறு. அது ராகிங். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம் என்று அதில் இருக்கிறது. தேசிய அளவிலான ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, இலவசம், நாள் முழுதும் எடுப்பார்கள். பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் கூப்பிடலாம்.

6. சரி, வேண்டாம்னு எப்படித்தான் சொல்றது? நூறு தடவை கேக்கறாங்க.

காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்குப் பதில் கிடைக்கும். ‘மாத்திரை சாப்பிடறேன்’ என்றால் ‘என்ன மாத்திரை, காட்டு’ என்பான். ‘வீட்ல தெரிஞ்சா பிரச்சினை’ என்றால் ‘இங்கயே தூங்கிடு’ என்பான். ‘எனக்கு வேணாம் மச்சி’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பேச்சை கிரிக்கெட்டுக்கோ சைட் டிஷ்ஷுக்கோ மாற்றுங்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு கேட்கிறவனுக்கே சலித்துவிடும். கையில் நிரம்பிய டம்ளர் ஒன்று, சோடாவோ ஜூஸோ, இருக்கட்டும். காலி டம்ளர்தான் ஊற்றுபவனின் கண்ணை உறுத்தும்.

இதைவிடப் பலமானது ஒன்று உண்டு: துணைக்கு ஒரு ஆள். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், கோட்டின் நீளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல, சோதனைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை கண் முன் இருந்த உண்மையை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும் அந்தத் தவறு கால்வாசியாகக் குறைந்துபோனது. ஆகவே பார்ட்டிக்குப் போகும் முன்பே, ‘நானும் குடிக்கல, நீயும் குடிக்கல, பத்தரைக்குக் கிளம்பறோம்’ என்று ஒருவனிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர யாருடைய பைக்கையும் நம்பி இருக்காதீர்கள். தனியாக எழுந்து வர முடியாத இடத்தில்தான் பலரும் இரண்டாவது ரவுண்டுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

7. நான் குடிக்கிறதில்ல. ஆனா ஷேர் மட்டும் சமமா வாங்கறாங்க. அதனால குடிச்சாத்தான் காசுக்குக் கணக்கு சரியாகும்போல இருக்கு.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது சிரித்தேன். யோசித்தால் மிக முக்கியமானது. சமமாகப் பங்கு போடும் பழக்கம், குடிக்காதவனுக்கு நஷ்டத்தையும் நிறையக் குடிப்பவனுக்கு லாபத்தையும் தருகிறது. ‘எப்படியும் இருநூறு ரூபா போச்சு’ என்று டம்ளரை எடுத்த பையன்களை எனக்குத் தெரியும். உணவுக்குப் பங்கு, சரக்குக்குத் தனி என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். ஜிபே கோரிக்கை வரும்போது வாதாடுவது கஷ்டம், கடைக்குப் போகுமுன் சொல்வது சுலபம்.

ட்ரீட் இதன் மறுபக்கம். வேலை கிடைத்தவன் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும், அடுத்தவனுக்குக் கிடைத்தால் அவன் திருப்பித் தர வேண்டும். ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே மாதத்தில் பிளேஸ்மென்ட் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிரியாணி ட்ரீட் கேட்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

8. குடிச்சாத்தான் பசங்க மனசு விட்டுப் பேசறாங்க. அதை எப்படி விடறது?

உண்மை இருக்கிறது இதில். ஆண் பிள்ளை அழுவதற்கும், ‘எனக்குப் பயமா இருக்குடா’ என்று சொல்வதற்கும், தோளில் கை போட்டு ‘நீ இல்லன்னா நான் இல்ல’ என்று சொல்வதற்கும் நம் ஊரில் வேறு சந்தர்ப்பமே கொடுப்பதில்லை. மறுநாள் ‘போதையில ஏதோ உளறிட்டேன்’ என்று எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்து வருகிறது. குடிக்கும் பையன்களைத் திட்டுகிற பெரியவர்கள் இந்தத் தேவையைப் பார்ப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

ஆனால், பேச வைப்பது முழுக்கச் சரக்கா என்பது சந்தேகம். 2ஆம் கேள்வியில் வந்த மார்லாட், 1973இல் தன் குழுவோடு இன்னொரு சோதனை செய்தார். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் (கசப்புச் சோடா), சிலருக்கு வெறும் டானிக். ருசியில் வித்தியாசம் தெரியாது. என்ன கொடுக்கிறோம் என்பதைச் சிலரிடம் மாற்றிச் சொன்னார்கள். உள்ளே வோட்கா இருந்ததா இல்லையா என்பதைவிட, ‘இதில் வோட்கா இருக்கிறது’ என்ற நம்பிக்கைதான் எவ்வளவு குடித்தார்கள் என்பதை முடிவு செய்தது. போதையில் வருவதாக நாம் நினைக்கும் தைரியத்தில் பெரும்பங்கு, ‘இப்போது பேசலாம்’ என்று அந்த இடம் கொடுக்கும் அனுமதி. அதே ஆட்களோடு ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடியிலோ டீக்கடை பெஞ்சிலோ உட்கார்ந்து பாருங்கள்.

9. லவ் ஃபெயிலியர் சார். எல்லாரும் சேர்ந்து வாங்கிக் குடுத்தாங்க.

நண்பர்கள் அன்பினால்தான் செய்தார்கள். காதல் தோற்றால் தாடி, பாட்டில், ஒரு பாட்டு என்று பல ஆண்டுகளாகத் திரையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேறு சடங்கு தெரியவில்லை. ஆனால், ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்தும் பொருள். தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் மனதை இன்னும் கீழே இழுக்கும், யோசிக்காமல் செய்யும் காரியங்களுக்குத் தடையை எடுத்துவிடும். மனம் உடைந்த நண்பனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனியே அறையில் படுக்க வைப்பதைப் போல ஆபத்தானது குறைவு. கூடவே இருங்கள், சாப்பிட வையுங்கள், அவன் புலம்புவதைக் கேளுங்கள். ‘செத்துப் போலாம்போல இருக்கு’ என்றால் அதை வசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

10. எனக்கு கெப்பாசிட்டி ஜாஸ்தி. எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பேன். அப்போ எனக்குப் பிரச்சினை இல்லதானே?

கூட்டத்தில் இதற்குத்தான் கைதட்டல். மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 20 வயதையொட்டிய இளைஞர்களுக்கு அளந்து மதுவைக் கொடுத்து, அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார். குறைவாகத் தள்ளாடியவர்கள், ‘எனக்கு ஒண்ணும் ஆகல’ என்றவர்கள்தான் பிற்காலத்தில் அதிகம் அடிமையானார்கள். உடம்பு ‘போதும்’ என்று மணி அடிக்காதவன் நிறுத்துவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கல்லீரலுக்கு நீங்கள் ஸ்டெடியாக நிற்பது தெரியாது. 3ஆம் கேள்வியின் கிராம் கணக்கு உங்களுக்கும் அதேதான்.

11. பொண்ணுங்க குடிச்சா மட்டும் ஏன் சார் ஊரே பேசுது?

ஏனென்றால் ஊருக்கு இரண்டு சட்டம். பையன் குடித்தால் ‘வயசு அப்படி’, பெண் குடித்தால் குடும்பத்தின் மானம். இதில் நியாயம் எதுவும் இல்லை. இந்த இரட்டை அளவுகோலின் விளைவு, பெண்கள் குடிப்பதே இல்லை என்பதல்ல. குடிக்கிற சிலரும் மறைவாக, வேகமாக, யாரிடமும் சொல்லாமல் குடிக்கிறார்கள். உடம்பு சரியில்லாமல் போனால் வார்டனைக் கூப்பிடப் பயப்படுகிறார்கள். பெருநகரங்களில் ‘நீ என்ன இன்னும் ஊர்க்காரியாவே இருக்க’ என்ற கேலி இன்னொரு வகை அழுத்தம்.

உடற்கூறு விஷயம் தனி. ஒரே எடை இருந்தாலும் பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு, அதனால் அதே அளவு மதுவுக்கு ரத்தத்தில் ஏறும் ஆல்கஹால் அதிகம். பையன்களோடு ரவுண்டுக்கு ரவுண்டு போட்டி போடுவது அதனால்தான் ஆபத்து. டம்ளரை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்து அதைத் தொட வேண்டாம். குடித்திருந்த பெண்ணுக்கு யாராவது தீங்கு செய்தால் குற்றம் செய்தவன் மேல்தான். இதைப் பையன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

12. அரசாங்கமே கடை வச்சு விக்குது. எங்களை மட்டும் ஏன் சார் குறை சொல்றீங்க?

நியாயமான கேள்வி. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் கடைகள் மீண்டும் திறந்தன. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில். உங்கள் தலைமுறைக்கு அந்தக் கடை இல்லாத ஊரே தெரியாது. எளிதில் கிடைக்கும் பொருளை அதிகம் பேர் தொடுவார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. கல்வி நிறுவனங்களிலிருந்து நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது என்பது விதி. 50 மீட்டரை ஒரு மாணவன் எவ்வளவு நேரத்தில் நடப்பான் என்று விதி எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அதனால் கொள்கை பற்றிக் கோபப்படுங்கள், தப்பில்லை. ஆனால், கடை இருப்பது எல்லாருக்கும் பொது. நூறு பேர் இருக்கும் விடுதியில் அந்தக் கடைக்கு யார் போகிறார்கள், யார் போவதில்லை என்பதில் வித்தியாசத்தை உண்டாக்குவது முதல் பத்து கேள்விகளில் பேசிய விஷயங்கள்.

13. பாண்டிச்சேரில 18 வயசுதானே? அங்க போய்க் குடிச்சா சட்டப்படி ஓகேதானே?

புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளாவில் 23. ஆகவே அங்கே உட்கார்ந்து குடிக்கும் வரை வயது வரம்பு தடையில்லை. திரும்பி வரும் வழிதான் பிரச்சினை. பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் பாயும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனைச் சாவடிகள் இருப்பது உங்களுக்கே தெரியும்.

வண்டி ஓட்டுவது அதைவிடப் பெரிது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ வரலாம். கூட்டமாகப் போகும்போது துணிச்சல் தானாகவே ஏறுகிறது. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை 18-22 வயதினர் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடுதல் அபாயத்துக்குத் துணிந்தார்கள். அவர்கள் குடிக்கக்கூட இல்லை.

14. எங்க அப்பாவே தினமும் குடிக்கிறார். அவர் எப்படி என்னைக் கேக்கலாம்?

கேட்கும் தகுதி அவருக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். உங்கள் உடம்பைப் பற்றி மட்டும் பேசுவோம். குடிக்கு அடிமையாவதில் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அதோடு, அப்பாவுக்கு வாங்கி வரப் போய்ப் பழகியது, அவர் ஊற்றுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தது எல்லாம் சேரும். ‘அவர் குடிக்கிறார், அதனால் நானும் குடிப்பேன்’ என்று வாதத்தில் ஜெயிக்கலாம். ஆனால், அந்த வகுப்பிலேயே அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். 10ஆம் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து ஒரு சொட்டுத் தொடாத பிள்ளைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரிக்கு அனுப்பிய பிறகு நம் பேச்சு எடுபடாது என்று நினைக்காதீர்கள். போகும் முன் இதைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசிய பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகக் குடிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ‘மாட்டினா வெட்டிடுவேன்’ என்ற ஒரு வரி அந்தப் பேச்சில் சேராது.

15. பையனோட ஃப்ரெண்ட்ஸை மாத்திட்டா சரியாயிடுமா? கெட்ட சேர்க்கையாலதானே கெட்டான்?

பாதி சரி. நண்பர்கள் நம்மை மாற்றுகிறார்கள், நமக்கு ஏற்ற நண்பர்களை நாமும் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டும் நடக்கிறது. குடிக்க ஆசைப்பட்டவன் புது ஊரிலும் ஒரு வாரத்தில் அப்படிப்பட்ட கூட்டத்தைக் கண்டுபிடித்துவிடுவான். உங்கள் பையனைக் கெடுத்ததாக நீங்கள் சொல்லும் அந்தப் பையனின் அம்மாவும் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

கல்லூரி மாற்றுவது, விடுதியிலிருந்து கூட்டி வந்துவிடுவது எல்லாம் கடைசி வழி. அதற்கு முன் அறை மாற்றக் கேட்கலாம். 4ஆம் கேள்வியில் சொன்னதுபோல அறைக்கு நிஜமான பலம் உண்டு. மாலை நேரத்தை நிரப்பும் ஏதாவது ஒன்று, பறை, என்.எஸ்.எஸ்., ஃபுட்பால், கோடிங் போட்டி, எதுவானாலும் சரி, வேறு ஆட்களோடு பழக வழி செய்யும்.

16. பார்ட்டில ஒருத்தன் மட்டையாயிட்டான். வார்டன்கிட்ட சொன்னா எல்லாரும் மாட்டுவோம். தூங்கி எழுந்தா சரியாயிடும்தானே?

தூங்குகிறானா, நினைவு இல்லையா என்று முதலில் பாருங்கள். உலுக்கியும் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, உதடு நீலமாகிறது, நினைவில்லாமல் வாந்தி எடுக்கிறான், வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலில் போய் உயிர் போகும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, பச்சைத் தண்ணீரை ஊற்றுவது, நடக்க வைப்பது எதுவும் வேண்டாம். குடித்து முடித்த பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒருவராவது கூடவே இருக்க வேண்டும். குடித்தது கடைச் சரக்கு இல்லை என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கண் மங்கலாகத் தெரிகிறது என்பது அதன் அடையாளம்.

‘வேற யாராவது சொல்லுவாங்க’ என்று எட்டுப் பேரும் நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. மாட்டினால் சஸ்பென்ஷன். அதற்கு மேல் எதுவும் இல்லை. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: உதவிக்குக் கூப்பிட்ட மாணவனைத் தண்டிக்க மாட்டோம் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

17. நாங்களும் போதை விழிப்புணர்வு ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் நடத்தறோம். பலனே இல்லையே?

முதல்வர்கள் கேட்பது. உறுதிமொழியை உரக்கச் சொல்லும் கூட்டத்தில் ‘நூற்றுக்குப் பாதிப் பேர் சீரழிகிறார்கள்’ என்று பேச்சாளர் அடித்துவிட்டால், கேட்கும் பையனுக்குப் போய்ச் சேருவது ‘அப்போ பாதிப் பேர் குடிக்கிறாங்க’ என்பதுதான். 1ஆம் கேள்வியின் தப்புக் கணக்கை நாமே மைக் வைத்துப் பரப்புகிறோம். ‘பெரும்பாலோர் குடிப்பதில்லை’ என்று போஸ்டர் மட்டும் ஒட்டினால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஹென்றி வெக்ஸ்லர் 2003இல் பல கல்லூரிகளை ஒப்பிட்டு, அத்தகைய விளம்பரத்தால் குடி குறையவில்லை என்று காட்டினார்.

ஓரளவு பயன் தருவது, ஒவ்வொரு மாணவனோடும் தனியாக உட்கார்ந்து, அவன் குடிப்பது எவ்வளவு, மற்றவர்கள் குடிப்பதாக அவன் நினைப்பது எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று திட்டாமல் காட்டும் குறுகிய பேச்சு. அதற்கு ஆலோசகர் வேண்டும். இரண்டாயிரம் மாணவர்களுக்கு ஒரு ஆலோசகர், அவரும் பிளேஸ்மென்ட் வேலை பார்க்கிறார் என்றால் ஊர்வலம்தான் நடக்கும். இன்னொன்று: விடுதியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் செய்ய என்ன இருக்கிறது என்று ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். பல இடங்களில் மைதான விளக்கைக்கூட அணைத்துவிடுகிறார்கள்.

18. ஜாலிக்குக் குடிக்கிறதுக்கும் அடிமையானதுக்கும் கோடு எங்க?

நண்பர்கள் இல்லாத நாளிலும் குடித்தால் கவனியுங்கள். வாரக் கடைசிக்காக நாட்களை எண்ணுவது, நேற்று ராத்திரி நடந்தது நினைவில் இல்லாதது, வகுப்பை விடுவது, கடன் வாங்குவது, ‘இன்னிக்கு ரெண்டோட நிறுத்திடுவேன்’ என்பது தொடர்ந்து தோற்பது, இதெல்லாம் அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் 8 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் யாரிடமாவது பேச வேண்டும்.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்க்கிறார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம். அவர்கள் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

19. நான் விட்டுட்டேன் சார். ஆனா பழைய கேங்கோட எப்படி இருக்கறது? அவங்கதான் என் ஃப்ரெண்ட்ஸ்.

அவர்களை விட வேண்டியதில்லை, சந்திக்கும் நேரத்தை மாற்றுங்கள். காலையில் டீ, மத்தியானம் மெஸ், மாலையில் விளையாட்டு, எல்லாவற்றுக்கும் போங்கள். பாட்டில் திறக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் முதல் சில மாதங்கள் போகாதீர்கள். ‘திருந்திட்டேன்’ என்று அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் உங்களைக் குடிக்க வைப்பது அவர்களுக்கு ஒரு பந்தயமாகிவிடும். கேலி கொஞ்ச நாள் இருக்கும், ‘சாமியார்’ என்று பெயர் வைப்பார்கள், அந்தப் பெயர் ஃபேர்வெல் வரை நிற்கவும் கூடும்.

இன்னொன்றும் நடக்கலாம். அந்தக் கேங்கில் யாராவது ஒருவன் தனியாக வந்து, ‘எனக்கும் இது பிடிக்கலடா, நீ எப்படி விட்டே?’ என்று கேட்பான். 6ஆம் கேள்வியில் சொன்ன துணை ஆள் அவன்தான். அவனையும் கூட்டிக்கொண்டு பத்தரைக்குக் கிளம்பிவிடுங்கள்.